புட்டியில் அடைத்த புது மந்திரம்

"மனத்துயரம் வருவது மூளையில் செரட்டோனின் என்ற வஸ்து குறைவதால்தான்" என்று மருந்து வியாபாரிகள் பல காலம் பிரசாரம் செய்தார்கள். கிரகக் கோளாறு என்பவனைப் பார்த்துச் சிரிக்கும் நம்மவர்களும் இதை மட்டும் ருசு கேட்காமல் நம்பினார்கள். ஏன்? சொன்னவன் கையில் பஞ்சாங்கம் இல்லை. மருந்துச் சீட்டு இருந்தது. அவ்வளவுதான்!

உண்மையான ஆராய்ச்சி எப்படி நடந்தது? 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இவ்வஸ்துவை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இது சாவியென்றால், உடம்பில் இதற்கான பூட்டுக்கு ஏற்பி என்று பெயர். 1957-இல் காடம், பிக்கரெல்லி என்ற இருவர் கினிப்பன்றியின் குடலைச் சோதித்து, ஏற்பி இரண்டு வகை என்று காட்டினார்கள். இன்று 14 வகை தெரியும். அவற்றில் ஒரு வகையை அடைக்கும் ஒண்டான்செட்ரான், புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் கொடிய வாந்தியைத் தடுக்கிறது. வேறு வகைகளைத் தூண்டும் சுமாட்ரிப்டான் ஒற்றைத் தலைவலியைத் தணிக்கிறது. இவை சோதனையில் தேறி வந்த மருந்துகள்.

ஆனால் அந்தக் "குறைவு" கதை? 2022-இல் லண்டன் ஆராய்ச்சிக்காரர்கள் முந்தைய ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, அதற்கு உறுதியான ருசு இல்லை என்று அறிவித்தார்கள். இதனால் மனநோய் மருந்தெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. மருந்து குணம் தருகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சோதனை உண்டு. சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

தோழர்களே! பூசாரியிடம் கேட்ட கேள்வியை மருந்து வியாபாரியிடமும் கேளுங்கள்: "ருசு எங்கே?"