வாடகை வீடும் நம் வீடே

"சொந்த வீடு கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்." வாடகை வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல் இது. சன்னலுக்குத் திரைச்சீலை வேண்டுமா? சொந்த வீடு வரட்டும். புத்தகம் அடுக்க ஓர் அலமாரி வேண்டுமா? சொந்த வீடு வரட்டும். அந்த வீடு வருவதற்குள் மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறாள். சில குடும்பங்களில் அவளுக்குத் திருமணமே ஆகிவிடுகிறது. அவள் வளர்ந்த ஆண்டுகளெல்லாம் வெற்றுச் சுவர்களுக்கும் அவிழ்க்காத மூட்டைகளுக்கும் நடுவே கழிந்துவிடுகின்றன. "எங்கள் வீட்டுக்கு வாயேன்" என்று தோழியை அழைக்கவும் அவள் நா எழுவதில்லை. இது சரிதானா?

சரியன்று என்பதே நம் கருத்து. வாடகை வீட்டின் சுவர் பிறருடையதாக இருக்கலாம். அதற்குள் நாம் வாழும் நாள்கள் நம்முடையவை. அவற்றை அழகாக அமைத்துக்கொள்ளப் பெரும் பணம் தேவையில்லை. பிறர் பயன்படுத்திய நல்ல பொருள்களும், சற்று உழைப்பும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

வீட்டை அப்படியே விட்டுவிடுவது ஒரு தவறு என்றால், அதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. குடிபுகுந்த மறுவாரமே கடைக்குச் சென்று, சோபாவும் சாப்பாட்டு மேசையும் மாதத் தவணையில் வாங்கிப் போடுவது அது. "வட்டியே இல்லை" என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்குவோர் பலர். 2013ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கியே, வட்டியில்லாக் கடன் என்ற ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. வட்டி எங்கோ ஓரிடத்தில், விலையிலோ கட்டணத்திலோ, ஒளிந்திருக்கத்தான் செய்யும். சோபாவின் துணி கிழிந்த பிறகும் தவணை நிற்பதில்லை. வந்தவர் பாராட்டுவதற்காக வாங்கிய பொருளுக்கு வீட்டார் மாதந்தோறும் கவலைப்படுவது எவ்வகை அழகு? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

பழைய பொருள் வாடகைக் குடித்தனத்துக்கே மிகவும் பொருத்தமானது. ஏன் என்று பார்ப்போம். நம் நாட்டில் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தத்தில்தான் வீடு தருகிறார்கள். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறவேண்டி வருகிறது. இன்று மலிவாகக் கிடைக்கும் புதிய மேசை, அலமாரிகளில் பல, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையால் ஆனவை. தண்ணீர் பட்டால் அப்பலகை ஊதிவிடும். ஒருமுறை கழற்றிப் பூட்டினால் திருகாணி முன்போல் பிடிக்காது. இரண்டாம் வீடு மாறும்போதே அது ஆடத் தொடங்கும். பழைய தேக்கு மேசையோ கழுந்தும் துளையும் பொருத்திச் செய்தது. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையானும் எளிதில் அண்டாது. நம் தாத்தா காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரம் இன்னும் எத்தனையோ வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. மாட்டு வண்டியில் வந்த அந்த மேசை இன்று சிறு லாரியில் ஏறி, மாடிப்படியில் இடிபட்டு, புது வீட்டில் இறங்கினாலும் அசையாமல் நிற்கும்.

இவை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சென்னையில் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் என்றால் பழைய பொருள்கள் என்றே பொருள். 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தச் செங்கற் கட்டடம் 1985இல் தீக்கு இரையாயிற்று. ஆனாலும் பழம்பொருள் வாணிகம் அத்துடன் முடிந்துவிடவில்லை. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையில் நாற்காலி முதல் கடிகாரம் வரை கிடைக்கின்றன. ஏலக் கடைகள் உண்டு. பழைய வீடுகளை இடிக்கும்போது எடுத்த கதவு, சன்னல், பலகைகளை விற்கும் கிடங்குகள் உண்டு. அங்கே வாங்கிய ஒரு சன்னல் பலகையும் எட்டுச் செங்கல்லும் போதும், சிறு புத்தக அடுக்கு ஆயிற்று. செட்டிநாட்டுப் பெருவீடுகளின் பொருள்கள் காரைக்குடிக் கடைகளில் குவிந்திருக்கின்றன. அவற்றுள் விலை மிகுந்தவையும் உண்டு, எளியவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்பாகத் தேடவேண்டிய இடம் பாட்டி வீட்டுப் பரண். அங்கே கிடக்கும் முக்காலியும் மரப்பெட்டியும் கேட்டாலே கிடைத்துவிடும். கைப்பேசியில் விற்பனை அறிவிப்புப் பார்த்து வாங்குவோர் நேரில் சென்று பொருளைப் பார்க்குமுன் பணம் அனுப்பலாகாது. பிள்ளைகள் தனியே போகவும் கூடாது.

பழைய பொருளை வாங்கும்போது கண்ணைவிடக் கையை நம்ப வேண்டும். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். மேலே மெருகு பூசி ஏமாற்றலாம், அடியில் யாரும் பூசுவதில்லை. மரத்தில் ஊசித் துளைகள் இருந்து, அவற்றிலிருந்து மாவு போன்ற புதுத்தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. கட்டிலின் மூலைப் பொருத்துகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். மெத்தையும் தலையணையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழையதாக வாங்கவே கூடாது. பழைய மின்விளக்கு அழகாக இருந்தால் வாங்கலாம். ஆனால் கம்பியை மின்பணியாளரைக் கொண்டு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். பித்தளை அண்டாவையும் குடத்தையும் புளியிட்டுத் துலக்கி மூலையில் வைத்தால் வீடே ஒளி பெறும். ஈயம் பூசாத பித்தளையில் புளிச்சுவைப் பண்டம் சமைப்பது மட்டும் கூடாது.

வாங்கியதைச் சீர்செய்வதில்தான் உண்மையான மகிழ்ச்சி இருக்கிறது. பழைய மெருகை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, ஸ்பிரிட்டில் அரக்குக் கரைத்த பாலிஷை மெல்லிய துணியால் நாலைந்து முறை பூசினால் மரத்தின் ரேகைகள் மீண்டும் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. வர்ணம் அடித்த பழைய பொருளை உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. முற்காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வர்ணத்தில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஈயத்தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய வர்ணப் பொருள் உரியாமல் இருந்தால் அதன்மேலேயே புது வர்ணம் அடிக்கலாம். உரிந்துகொண்டிருந்தால் குழந்தையுள்ள வீட்டுக்கு அது வேண்டாம். பிரம்பு அறுந்த நாற்காலியையும் ஒதுக்க வேண்டியதில்லை. பிரம்பு பின்னுவது பார்வையற்றோர் பலருக்கு வாழ்வளித்த தொழில். நாற்காலி ஒன்றைப் பின்னக் கொடுத்தால் நமக்கு இருக்கை, அவர்களுக்கு வேலை.

அடுத்து, சுவர். "ஆணி அடிக்கக் கூடாது" என்பது பெரும்பாலான வீட்டு உரிமையாளர்களின் முதல் கட்டளை. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. பாடுபட்டுக் கட்டிய வீடு. ஆனால் சுரூபத்துக்கோ குடும்பப் படத்துக்கோ ஓர் ஆணி வேண்டும் என்று பணிவாகக் கேட்டால் மறுப்பவர் சிலரே. கேட்ட பிறகு அடிப்பதும், காலி செய்யும்போது துளையை அடைத்துக் கொடுப்பதும் நம் கடமை. ஒட்டுக் கொக்கிகள் சுண்ணாம்புச் சுவரின் பூச்சையே பெயர்த்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உரிமைகளையும் அறிந்திருப்பது நல்லது. 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முன்பணம் 3 மாத வாடகைக்கு மேற்படலாகாது. சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு. வெள்ளையடித்த தூய சுவரைவிட மலிவான அலங்காரம் வேறில்லை.

துணியின் ஆற்றலைப் பலர் அறிவதில்லை. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று இரண்டு சன்னல்களுக்குத் திரையாகும். பவானி ஜமுக்காளமோ பத்தமடைப் பாயோ விரித்தால் விரிசல் கண்ட தரையும் மறையும், விருந்தினர் அமரவும் இடமாகும். நடுக்கூடத்து ஒற்றை விளக்கு முகத்தில் அடிப்பதைவிட, மூலையில் ஒரு சிறு மேசை விளக்கு மஞ்சள் ஒளி தந்தால் அறை கனிந்து தோன்றும். காலி எண்ணெய்த் தகரத்தில் அடியில் துளையிட்டுக் கற்பூரவல்லி நடலாம். தட்டில் நீர் தேங்கினால் கொசு வரும், அதைக் கவனிக்க வேண்டும். அடுக்குமாடி வாசலாயினும் காலையில் இடும் நான்கு புள்ளிக் கோலத்துக்கு யாரும் வாடகை கேட்பதில்லை.

"பிறர் கழித்த பொருள் தரித்திரம் அல்லவா?" என்பார் சிலர். நாம் குடியிருக்கும் வீடே பிறர் குடியிருந்து காலி செய்ததுதானே! பேருந்தில் அமரும் இருக்கையும், நூலகத்தில் எடுக்கும் நூலும் பிறர் பயன்படுத்தியவையே. ஒரு தச்சன் பல நாள் உழைத்துச் செய்த நாற்காலி, நன்றாக இருக்கும்போதே காயலான் கடையில் விறகாவதுதான் உண்மையான தரித்திரம். அதை எடுத்துத் துடைத்து வாழவைப்பதில் இழிவு ஏதுமில்லை.

ஆனால் மலிவு என்பதற்காக அள்ளிக்கொண்டு வருவதும் கூடாது. வேண்டாத பொருளை எவ்வளவு குறைந்த விலைக்கு வாங்கினாலும் அது நட்டமே. நம் யோசனை இது: கையில் 5,000 ரூபாய் இருந்தால் பாதியை உட்காரவோ படிக்கவோ உதவும் ஒரே ஒரு நல்ல மரச்சாமானுக்கு ஒதுக்குங்கள். கால் பங்கு துணிக்கும் விளக்குக்கும். மீதிக் கால் பங்கை வண்டிக் கூலிக்கும் பழுதுக்கும் வையுங்கள். பலர் மறப்பது இந்தக் கால் பங்கைத்தான். பிறகு ஆறு மாதம் ஒன்றும் வாங்காமல் அந்த வீட்டில் வாழ்ந்து பாருங்கள். எது தேவை என்பது அப்போது தானே தெரியும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். சொந்த வீட்டுக்குச் சேமியுங்கள், அது நல்லதே. ஆனால் இன்று உங்கள் மகளுக்குப் படிக்க ஒரு மேசையும், அவள் வரைந்த படத்தை மாட்ட ஓரிடமும் இந்த வீட்டிலேயே கொடுங்கள். வீட்டு உரிமையாளராக இருக்கும் பெற்றோர், குடியிருப்போர் கேட்கும் ஓர் ஆணிக்கு முகம் சுளிக்காதிருங்கள். தோழியரே, வாடகை வீடு என்று சொல்ல நாணவேண்டாம். இந்த விடுமுறையில் உப்புத்தாளும் துணியும் எடுங்கள். நீங்களே தேய்த்து மெருகேற்றிய நாற்காலியைத் துடைத்து வைத்து, தோழியை வீட்டுக்கு அழையுங்கள்.