மறைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு

"மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் தோழிகளோடுதான் எனக்குச் சண்டை. இணையத்தில் நாம் யார், எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் டோர், அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவானது. அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது வெறும் தாராளத்தால் அல்ல. கடற்படையினர் மட்டும் பயன்படுத்தினால், அதன்வழி வருபவர் எவரும் கடற்படை ஆள் என்று தெரிந்துவிடுமே! 2013இல் டோர் வழியே ஹார்வர்டுக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் சிக்கியதும், பல்கலைக்கழக இணைப்பிலிருந்து டோருக்குள் போனவர் யாரென்று பார்த்ததால்தான். (அவருக்காக நான் பரிந்து பேசவில்லை.)

அடிக்கும் கணவனுக்குத் தெரியாமல் வழக்கறிஞரைத் தேடுகிறவளின் கைப்பேசியில் மட்டும் டோர் இருந்தால், அந்தச் செயலியே அவளைக் காட்டிக்கொடுக்கும். அவன் அக்கா, தங்கை, அம்மா எல்லோரிடமும் இருந்தால்? மறைக்க ஒன்றுமில்லாத நீங்கள்தான் அவளுக்குத் தேவை. புளிக்குழம்புச் செய்முறையையும் டோரிலேயே தேடுங்கள்.