துப்பாக்கியும் மூன்றாவது விதியும்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். இதனால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடுவதில்லை. வாக்குச்சாவடிக்குக் கிடைக்கும் இதே பாதுகாப்பு நம் தெருவுக்கும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது.

1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995-ல் விதிகள் வந்தன. அதில் 3-வது விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கும் அபாயமுள்ள பகுதி என்று அடையாளம் காணப்பட்ட இடத்தில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் வைக்கலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவேண்டும். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவைப்பட்டால் நம் மக்களுக்கே ஆயுத உரிமம் வழங்கலாம். மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இந்த மூன்றில் கடைசியைத்தான் நம் இளைஞர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். 2020-ல் ஹாத்ரஸ் கொடுமைக்குப் பின் பீம் ஆர்மி தலைவர் சந்திரசேகர் ஆசாத்தும் துப்பாக்கி உரிமம் கேட்டார். அந்தக் கோபத்தைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணிக்கு மிராசுதாரின் ஆட்கள் துப்பாக்கிகளோடுதான் வந்தார்கள். குண்டுக்குப் பயந்து ஓடியவர்கள் ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். 44 பேர் கருகினார்கள். அந்த இரவில் துப்பாக்கி எந்தக் கையில் இருந்தது என்பதை எப்படி மறக்க முடியும்?

ஆனாலும், "உரிமம் கொடு, இல்லாவிட்டால் உன் கமிட்டியும் வேண்டாம், நிவாரணமும் வேண்டாம்" என்ற பேச்சோடு நமக்கு உடன்பாடில்லை. கூலி வேலைக்குப் போகிறவர் துப்பாக்கி வாங்கப் பணத்துக்கு எங்கே போவார்? நம் தெருவில் இரண்டு வந்தால் எதிர்த்தெருவில் இருபது வரும். முதல் வழக்கும் நம் பையன் மேல்தான் விழும். சிதம்பரம் தொகுதிக்குட்பட்ட பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18-ல், வாக்குப்பதிவு நாளன்றே, நம் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. அங்கே வேண்டியிருந்தது முன்கூட்டியே நிறுத்தப்பட்ட போலீஸ்.

அப்படியானால் கிடைத்தது போதும் என்று இருந்துவிடுவதா? அதுவும் இல்லை. 1955-ம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ள இடமிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடி அழுத்தினால் நம்மவர் என்ன செய்வார்? கையெழுத்துப் போடுவார். நம் காட்டுமன்னார்கோவில் பகுதியின் எல். இளையபெருமாள் தலைமையிலான குழு 1969-ல் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1976-ல் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தச் சமரச வாசல் அடைக்கப்பட்டது. 21 ஆண்டுகள்! 1955-ம் ஆண்டுச் சட்டமே வேண்டாம் என்று அன்று உதறியிருந்தால் 1976-ல் திருத்துவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. 1989-ம் அதன்மேல் கட்டியதுதான்.

கொடுக்கும்போது கொஞ்சமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். கொடுத்ததைப் பறிக்க வந்தால் பேச்சுக்கே இடமில்லை. 2018 மார்ச் 20-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வழக்குப் பதிவுக்கு முன் விசாரணை, கைதுக்கு முன் அனுமதி என்று வன்கொடுமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2-ல் நாடெங்கும் நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். உயிர்கள் போயின. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2020-ல் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றது. பாதியாவது மிஞ்சட்டும் என்று அன்று யாரும் பேரம் பேசப் போகவில்லை.

மூன்றாவது விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. உரிமத்தை ரத்து செய்வதும் புதிதாக வழங்குவதும் "அவசியம் என்று கருதினால்" மட்டுமே. கருதவேண்டியவர் அதிகாரி. தேர்தல் என்றால் சட்டென்று கருதுகிறவர்கள் நம் தெரு என்றால் யோசிக்கிறார்கள். அந்தச் சொற்களை நீக்கவேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நீக்கும்வரை, உள்ள விதியைச் சும்மா தூங்கவிடக் கூடாது. கொலை மிரட்டல் உள்ள சாட்சிகள் உரிமத்துக்கு விண்ணப்பிக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடும் செய்யலாம். ஆயுதச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஆட்சியர் தலைமையிலான விழிப்புக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும். அதில் நம் எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் உறுப்பினர்கள்.

சிதம்பரத்திலும் கடலூரிலும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றை ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மாவட்டத்தில் துப்பாக்கி உரிமங்கள் எத்தனை, அதில் பட்டியல் சாதியினரிடம் எத்தனை, 1995-க்குப் பிறகு மூன்றாவது விதியின்கீழ் ரத்தானவை எத்தனை? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். முப்பது நாளில் பதில் வரவேண்டும்.