150 டிகிரி யாருடையது?

கடைக்காரர்கள் இப்போது "நானோ" என்ற சொல்லை எல்லாவற்றிலும் ஒட்டுகிறார்கள். பெயிண்டில் நானோ, தண்ணீர்த் தொட்டியில் நானோ. அண்மையில் எங்கள் தெருவில் மாடி அறை கட்டும் ஒரு தம்பி ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். உட்கூரைக்கு அடிக்கும் பிவிசி பட்டைகள். "நானோ களிமண் கலந்தது, 150 டிகிரி தாங்கும், தீப்பிடிக்காது" என்று போட்டிருந்தது. களிமண்ணும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் நல்லது நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியில் மூன்று வெவ்வேறு விஷயங்களைக் குழப்பியிருக்கிறார்கள்.

முதலில் களிமண். இதன் பெயர் என் போன்ற பிரெஞ்சுப் பள்ளிக்காரர்களுக்கு வாயில் எளிதாக வரும்: மோன்மொரியோனித். பிரான்சில் வியென் மாவட்டத்தில் மோன்மொரியோன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே கிடைத்த மண்ணுக்கு 1847இல் தமூர், சல்வேத்தா என்ற இருவர் அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். (அந்த ஊரின் மக்கரோன் இன்னும் பேர்போனது. மண்ணைவிட அதைத்தான் அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.) நம் நாட்டில் கட்ச், பார்மர் பக்கம் வெட்டி எடுக்கும் பென்டோனைட்டில் பெரும்பகுதி இதுதான். எர்த் குழியில் கொட்டுகிறார்களே, தண்ணீர் பட்டால் உப்பும் மண், அதேதான்.

இந்த மண் தாள் தாளாக அடுக்கியது போன்ற அமைப்புடையது. ஒரு தாளின் தடிமன் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். ஒரு கிராம் மண்ணை முழுவதும் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும். சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டு! மண்சுவரில் வைக்கோல் சேர்ப்பது நமக்குத் தெரியும். இங்கே அது தலைகீழ். பிளாஸ்டிக்தான் சுவர், மண்தான் வைக்கோல்.

1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் டொயோட்டாவின் மத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் நைலான்-6இல் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக இந்த மண்ணைக் கலந்தார்கள். பாரம் ஏற்றிச் சூடாக்கினால் வெறும் நைலான் 65 டிகிரி அளவிலேயே வளைந்தது. மண் கலந்தது சுமார் 150 டிகிரி வரை நின்றது. காரில் டைமிங் பெல்ட்டை மூடும் உறைக்கு அதைப் பயன்படுத்தினார்கள். பெரிய சாதனை, சந்தேகமில்லை.

ஆனால் அந்த 150 என்பது வளையும் கணக்கு மட்டுமே. நைலான் உருகுவது முன்போலவே சுமார் 220 டிகிரியில்தான். மண் அதை மாற்றுவதில்லை. அதைவிட முக்கியம், அது நைலானின் எண். பிவிசி 80 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும் பொருள். அலுவலகத்தில் ஒரு கோப்பின் தாளை இன்னொரு கோப்பில் சொருகினால் என்ன ஆகுமோ, அதுதான் இந்த விளம்பரத் தாளில் நடந்திருப்பதாகத் தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. மண் பிளாஸ்டிக்கோடு ஒட்டுவதற்காக அதில் சேர்க்கும் அம்மோனியச் சேர்மம் 200 டிகிரி வாக்கிலேயே சிதையத் தொடங்கிவிடும். பிவிசியில் அது சூட்டில் கெட்டுப்போவதை விரைவுபடுத்தவும் செய்யும். எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் ஒரே மருந்து இல்லை.

அடுத்து தீ. மண் கலந்த நைலான் எரியும்போது மேற்பரப்பில் பிளாஸ்டிக் போய், மண் தாள்கள் சேர்ந்து ஒரு பொருக்காகப் படிகின்றன. அந்தப் பொருக்கு சூட்டை உள்ளே விடாது, உள்ளிருந்து வரும் வாயுவையும் தடுக்கும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் 1990களில் சோதித்தபோது, தீ உச்சத்தில் வெளிவிடும் வெப்பம் பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் மொத்த வெப்பம் ஏறக்குறைய அதேதான். பற்றிக்கொள்ளும் நேரமும் தள்ளிப்போவதில்லை, சில சமயம் முன்னதாகவே பற்றும். ஆகவே "மெதுவாக எரியும்" என்று எழுதலாம். "தீப்பிடிக்காது" என்று எழுதுவது பொய். மின்கம்பி உறைகளில் இந்த மண்ணை அலுமினிய ஹைட்ராக்சைடு போன்ற தீத்தடுப்புப் பொருளோடு சேர்த்துத்தான் போடுகிறார்கள், தனியாக அல்ல.

மெதுவாக எரிவதும் சிறிய விஷயமில்லை. முட்டி வலியோடு கட்டிலைவிட்டு எழுந்து, கண்ணாடியைத் தேடி, தாழ்ப்பாளைத் திறக்கிற நம் வயதுக்காரர்களுக்கு மூன்று நிமிடம் கூடுதலாகக் கிடைத்தால் உயிர் மிஞ்சும். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. உண்மையைச் சொன்னாலே விற்கக்கூடிய பொருளுக்கு எதற்குப் பொய்? தீப்பிடிக்காது என்று நம்பியவன் கதவருகே நாற்காலியைக் குவித்து வைப்பான். பிவிசி எரியும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, அது தொண்டையை அடைக்கும் என்பதையும் யாரும் அச்சடிப்பதில்லை.

எந்தச் சோதனை, எந்தப் பொருளில், எத்தனை சதவீத மண், எந்த வெப்பநிலை என்று விற்பவர் அச்சிட்டே ஆகவேண்டும் என்று விதி வரவேண்டும். டெண்டரில் ஆறு ரூபாய் பினாயிலுக்கே விவரக்குறிப்பு கேட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள். தலைக்கு மேல் அடிக்கும் கூரைக்குக் கேட்கக்கூடாதா?

அந்தத் தம்பி கடையில் சோதனைத் தாள் கேட்டிருக்கிறார். "கம்பெனியிலிருந்து வரும் சார்" என்றார்களாம். அது வரும்வரை ஜிப்சம் பலகையை விசாரிக்கச் சொன்னேன். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். தீ முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும்.