பழைய பென்ஸ் வேன் வாங்கலியோ...

ஐரோப்பாவிலிருந்து தரைவழியா ஓட்டிட்டு வந்த பழைய பென்ஸ் வேன் பாண்டிச்சேரி பக்கம் எப்பவாவது கண்ணுல படும். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி, சிலதுல குளிக்கிற வசதி கூட. நம்மாளுங்களுக்கு உடனே ஜொள்ளு. "அடிமாட்டு விலைக்குத் தர்றாராம், வாங்கிப் போடு"ன்னு நண்பர் ஒருத்தர் என்கிட்டயே சொன்னார். ஓசியில குடுத்தாலும் வேணாம்ங்கறது என் கட்சி.

வண்டி மேல கோபம் இல்லைங்க. வில்லங்கம் காகிதத்துல. அந்த வண்டி 'கார்னே'ங்கற உத்தரவாதப் புத்தகத்தை வச்சு உள்ளே வந்தது (பேர் பிரெஞ்சு, அதனால நம்ம ஊர் சமாச்சாரம் மாதிரியே இருக்கும்!). சுங்கவரி கட்ட வேண்டாம். ஆனா குறிச்ச காலத்துக்குள்ள நாட்டை விட்டு வெளியே போயிடணும். இங்கேயே வித்தா அது இறக்குமதிக் கணக்கு. பழைய வண்டி இறக்குமதின்னா மூணு வயசைத் தாண்டக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும். 80கள்ல செஞ்ச ஐரோப்பிய வேன் ரெண்டுலயும் அவுட். நம்பரே கிடைக்காத வண்டியை வாங்கி கொலுவா வைக்கிறது?

'விண்டேஜ்'னு பதியலாமேன்னு கேப்பீங்க. 2021இல் வந்த விதிப்படி 50 வயசு தாண்டியிருக்கணும், மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது. பத்து வருஷத்துக்கு 20,000 ரூபாய் கட்டணம். அப்படிப் பதிஞ்சாலும் கண்காட்சி, பேரணி, ரிப்பேர்னு சில காரியத்துக்குத்தான் ரோட்டுல இறக்கலாம். பொண்டாட்டி புள்ளைங்களோட ஊர் சுத்த ஆகாது.

இதைவிட நல்ல வழி நம்ம தெருவுலயே நிக்குது. அந்தக் கால பென்ஸ் 207டி வேனோட ஓஎம்616 டீசல் இன்ஜினை லைசென்ஸ் வாங்கி இங்கேயே செஞ்சது பஜாஜ் டெம்போ. 1987இல் வந்த டெம்போ டிராவலரும் அதே பென்ஸ் வேன் வம்சம்தான். கல்யாணத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற வண்டியேதான் சாமி! ஆர்.சி. சுத்தமா இருக்கற பழைய டிராவலரைப் பிடிங்க. ஸ்பேர் கிடைக்கும், கை வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கும் கிடைப்பார். ஒண்ணு மட்டும்: ஆசாரியைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி வண்டியை இஷ்டத்துக்கு மாத்த முடியாது.

பழசு ஓடாதுன்னு பயப்பட வேண்டாம். 1982இல் என்.டி.ஆர். பழைய செவர்லே வேன் ஒண்ணை 'சைதன்ய ரதம்' ஆக்கி ஆந்திரா முழுக்கச் சுத்தினார். ஓட்டினது மகன் ஹரிகிருஷ்ணா. தூக்கமும் அதுலதான்.

நம்ம ஊர்ல எதிரி உப்புக் காத்து. வீல் மேல வளைவு, தரைத் தகடு, கூரை ஓரம்னு துரு உள்ளேயிருந்து தின்னுட்டு வரும்; வெளியே பெயிண்ட் பளபளன்னு இருக்கும். அடிப்பக்கத்தை அடிக்கடி நல்ல தண்ணியில கழுவணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஜன்னல் ரப்பர் எல்லாத்தையும் பாத்துடணும். ஒரு தடவை ஒழுகினா உள்ளே இருக்கற பிளைவுட் உப்பிடும், அப்புறம் எந்த ஊதுபத்திக்கும் அந்த நாத்தம் போகாது.

அப்புறம், பீச் ரோட்டுல நிறுத்தி அலைச் சத்தத்துல தூங்கலாம்னு கனவு காண்றவங்களுக்கு: சாயங்காலம் 6 மணிக்கு மேல அங்கே வண்டியே விட மாட்டாங்க :-)