மூலைக்கு ஒரு ஜன்னல்

நமது பாஷையில் மூலைக்கு அவ்வளவாக மதிப்பில்லை. பாடம் ஒப்பிக்காத பையனை மூலையில் நிற்க வைக்கிறோம். உதவாத சாமானை மூலையில் போடுகிறோம். வேலை வெட்டி இல்லாதவனை மூலையில் முடங்கிக் கிடக்கிறான் என்கிறோம். கணவனை இழந்த பெண்ணை மூலையில் உட்கார வைத்து, அதையும் ஒரு தர்மமென்று நெடுங்காலம் கொண்டாடி வந்தோம். வீட்டில் காற்றும் வெளிச்சமும் எட்டாத இடம் எதுவோ அதுவே மூலை என்றாகிவிட்டது. ஆகவே, மூலையின் இரு பக்கச் சுவர்களையும் திறந்து ஜன்னல் வைப்பது இப்போது நாகரிகமாகி வருகிறதென்றால், அதை வெறும் ஆடம்பரமென்று நாம் ஒதுக்கிவிடப் போவதில்லை. ஆனால், செய்வதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

ஜெர்மனியில் ஆல்ஃபெல்ட் என்னும் ஊரில் 1911-ஆம் வருஷம் கட்டத் தொடங்கிய பாகுஸ் தொழிற்சாலையில், வால்ட்டர் குரோப்பியஸும் அடால்ஃப் மேயரும் மூலையில் தூணே இல்லாமல் கண்ணாடிச் சுவர்களைச் சந்திக்கச் செய்தார்கள். குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு இந்த யோசனை வந்த கதை இன்னும் ரஸமானது. ஹாலந்து தேசத்தில் யூட்ரெக்ட் நகரத்தில் ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற அம்மையார் 1923-ல் கணவரை இழந்தார். மறு வருஷமே, தாமும் தமது மூன்று குழந்தைகளும் வசிப்பதற்காக, நாற்காலி மேஜைகள் செய்து பெயர் பெற்றிருந்த கெரிட் ரீட்வெல்ட் என்பவரைக் கொண்டு ஒரு வீடு கட்டுவித்தார். அதன் மாடியில், சாப்பிடும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மூலை ஜன்னல். இரு கதவுகளையும் திறந்துவிட்டால் நடுவில் கம்பமில்லை. மூலையே மறைந்து போய்விடும்! 1985-ல் காலமாகும் வரையில் அம்மையார் அங்கேயே வசித்தார். 2000-ஆம் வருஷத்தில் அவ்வீடு உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்டது. கைம்பெண்களை மூலையில் உட்கார வைத்தவர்கள் நாம். மூலையையே இல்லாமற் செய்துகொண்டவர் அந்த அம்மையார்.

இந்த ஜன்னலினால் பிரயோஜனம் என்ன? சுவரின் நடுவே ஒரே ஜன்னல் இருந்தால், அது மட்டும் பளிச்சென்றும் சுற்றியுள்ள சுவர் இருட்டாகவும் தோன்றும், கண் கூசும். இரண்டு திசைகளிலிருந்து வெளிச்சம் வந்தால் அந்தக் கூச்சம் குறையும். எழுதுகிற குழந்தையின் கை நிழல் நோட்டுப் புஸ்தகத்தின் மேல் கனமாக விழாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகமும் தெளிவாகத் தெரியும். பகலில் விளக்குப் போடும் அவசியமும் குறையும்.

காற்று விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. இரு பக்கமும் திறந்திருக்கிறதே, காற்று அள்ளிக்கொண்டு வரும் என்று நினைப்பது சகஜம். ஆனால் ஒரு கதவு வழியாகப் புகுந்த காற்று, பக்கத்துக் கதவு வழியாகவே வெளியேறிப் போய்விடக் கூடும். அறையின் மறு கோடி புழுக்கமாகவே இருக்கும். எதிர் மூலையில் ஒரு கதவோ, ஜன்னலோ, உயரத்தில் ஒரு வெண்டிலேட்டரோ இருந்தால்தான் காற்று அறையைக் குறுக்கே கடந்து செல்லும்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரு புஸ்தகத்தைப் பாதி திறந்து மேஜை மேல் நிமிர்த்தி வைத்தால் நிற்கிறது. ஒற்றை அட்டையை நிறுத்தினால் விழுந்துவிடுகிறது. இரண்டு அட்டைகளும் முதுகில் சேர்ந்து ஒன்றையொன்று தாங்குவதே காரணம். செங்கல் சுவரே கூரையைத் தாங்கும் பழைய வீடுகளில், மூலைதான் அந்தப் புஸ்தகத்தின் முதுகு. அதை உடைத்து ஜன்னல் வைப்பது மகா அபாயம். பூகம்பத்தைத் தாங்கும் கட்டடம் பற்றி ஆராய்ந்தவர்கள், செங்கல் வீட்டில் எந்த ஜன்னலும் உள் மூலையிலிருந்து இரண்டடியேனும் தள்ளியே இருக்க வேண்டும் என்று சொல்லுகிறார்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, ஸார், ஒரு லிண்டல் போட்டுவிடலாம்" என்று மேஸ்திரி எத்தனை தைரியம் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இத்தகைய வீட்டில் வசிப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மூலையில் இரண்டிரண்டடி சுவரை விட்டுவிட்டு, இரு சுவர்களிலும் ஒவ்வொரு சாதாரண ஜன்னல் வைக்கட்டும். இரு திசை வெளிச்சம் என்ற பலனில் பெரும் பகுதி கிடைத்துவிடும், செலவும் குறைவு. பழைய சுவரை வெட்டும் முன் இதற்கும் ஓர் இஞ்சினீயரின் சம்மதம் வேண்டும்.

கான்கிரீட் தூண்களும் பீம்களும் பாரத்தைத் தாங்கும் புது வீட்டில் மூலை ஜன்னல் சாத்தியமே. மூலைத் தூணைச் சற்று உள்ளே தள்ளி அமைத்து, பீம்களை இரு பக்கமும் வெளியே நீட்டிவிடலாம். ஆனால் இது அஸ்திவாரம் தோண்டுமுன் இஞ்சினீயர் கணக்கிட்டுத் தீர்மானிக்க வேண்டியது. சுவர் எழும்பிய பிறகு தோன்றும் ஆசைக்கு இடமில்லை.

எந்த மூலை? சென்னை போன்ற கீழ்க் கடற்கரை ஊர்களில் தென்கிழக்கு மூலையே உத்தமம். காலை வெயில் இதமாக விழும். பிற்பகலில் கடற்காற்று அந்தப் பக்கத்திலிருந்து வரும். தெற்கு ஜன்னலுக்கு அளவான ஒரு சன்ஷேட் போதும்; நம் நாட்டில் நடுப்பகல் சூரியன் உயரத்தில் நிற்பதே காரணம். மேற்கு வெயிலோ தாழ்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும். ஆகவே தென்மேற்கு மூலையைக் கண்ணாடியாக்கினால் மாலையில் அறை அடுப்பாகிவிடும். கன்னி மூலையைக் கனமாக அடைத்து வை என்று பெரியோர்கள் சொன்னது இவ்விஷயத்தில் நன்றாகவே பொருந்துகிறது. வடகிழக்கு மூலையில் வெளிச்சம் குளிர்ச்சியாக இருக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரலும் அங்கேதான் அடிக்கும். கோயமுத்தூர்ப் பக்கத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றையும் யோசிக்க வேண்டும். ஊருக்கு ஊர் காற்று வேறு.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. மூலை நேராக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். அதைவிட நம் வகுப்புப் பையன்கள் அறிந்த கணக்கே நிச்சயமானது: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்தால், குறுக்கே 5 அடி இருக்க வேண்டும். சட்டம் தேக்கோ, அலுமினியமோ, யு.பி.வி.சி.யோ, இரண்டு சட்டங்கள் கூடும் மூலைதான் மழை நீர் கசியும் இடம். அங்கே ஸிலிகோன் பூச்சு இடைவெளியின்றி இருக்கட்டும். அடிக்கட்டை வெளிப்புறம் சரிவாக இருக்கட்டும். சன்ஷேட் இரு பக்கமும் மூலையைச் சுற்றித் திரும்பி, அதன் அடியில் நீர் சொட்ட ஒரு காடியும் இருக்கட்டும். டஃபன்டு கண்ணாடி உடைந்தால் கூரில்லாத சிறு துண்டுகளாக உதிரும். லாமினேட் கண்ணாடி உடைந்தாலும் ஒட்டிக்கொண்டே நிற்கும். டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. ஆதலால், பூச்சு முடிந்து அளவெடுத்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் கம்பி அவசியம். கொசுவலை எல்லா வீட்டிலும் அவசியம்.

இவ்வளவும் செய்து முடித்து, அந்த இடத்தில் டெலிவிஷன் பெட்டியை நிறுத்தித் திரை போட்டு மூடிவிடும் வீடுகளையும் நாம் பார்க்கிறோம். அதற்கு இத்தனை செலவு எதற்கு? வீட்டில் நாள் முழுவதும் இருப்பவர் யார், வெளியே போக முடியாதவர் யார் என்று முதலில் யோசியுங்கள். தெருவைப் பார்த்துப் பொழுது போக்கும் பாட்டிக்கு அங்கே ஒரு நாற்காலி போடுங்கள். படிக்கும் பெண்ணுக்கு ஒரு மேஜை போடுங்கள். உட்கார்ந்தவர் கண்ணுக்கு வெளியே தெரியும்படி அடிக்கட்டையின் உயரத்தை அவர்களை உட்கார வைத்தே அளந்துகொள்ளுங்கள். மூலையில் உட்காருவது அப்போது ஒரு பாக்கியமாகிவிடும்.