100 கிலோமீட்டரில் நடுங்கிய வண்டியும் என் அழகான கிராஃபும்

போன எபிசோடில் மானிட்டரிங் பற்றிப் பேசும்போது, "என் வண்டி கதையை நியூஸ்லெட்டரில் எழுதுறேன்"னு சொல்லி நழுவிட்டேன். சில பேர் விடாமல் கேட்டுட்டே இருக்கீங்க. கொஞ்சம் மானம் போற கதைதான், ஆனாலும் எழுதிடறேன்.

சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கேன். என்கிட்ட இருக்கிறது பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ். எப்பவும் நாலு சக்கரமும் இழுக்கிற வகை, பின்னாடி காயில் ஸ்பிரிங். காட்டுப் பாதையில் அடி தட்டுதுன்னு 2 இன்ச் லிஃப்ட் போட்டேன். டயர் மாத்தலை, கம்பெனி சைஸ் 265/65 ஆர்17 தான். லிஃப்ட் போட்ட அதே வாரம், 95-ஐத் தாண்டினா தரையிலிருந்து ஒரு நடுக்கம் வர ஆரம்பிச்சது. கண்ணாடி அதிருது, பின் சீட்டில் இருக்கிற என் பொண்ணு "ஆஆஆ"ன்னு சொல்லி தன் குரல் நடுங்குறதைக் கேட்டுச் சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரலை. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட யு.ஜே. கிராஸ் 100-ல உடைஞ்சா என்ன ஆகும்னு யூட்டியூபில் பார்த்திருந்தேன்.

நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். யாழ்ப்பாணத்துக்காரர், வயசு அறுபது இருக்கும், எல்லாருக்கும் அண்ணை. அவர்கூட ஒரு ரவுண்டு போனோம். ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பார்த்தார். ரெண்டு சீட்டுக்கும் நடுவில் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, இது டயர் இல்லை. டயர் எண்டால் இப்பிடிச் சன்னமா நடுங்காது, குதிக்கும். லிஃப்ட் போட்டதில பின் ஷாஃப்ட்டின்ர கோணம் பிழைச்சுப் போச்சு. அரை நாள் வண்டியை விடுங்கோ, அளந்து பாப்பம்."

நான் என்ன பண்ணேன்? ஃபோனை நீட்டினேன்.

முந்தின நாளே ஃபோனை சென்டர் கன்சோலில் டேப் போட்டு ஒட்டி, ஒரு ஆப்பில் அதிர்வைப் பதிவு பண்ணி, பைத்தானில் எஃப்.எஃப்.டி. போட்டு வைத்திருந்தேன். கணக்கு எளிது. இந்த டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.44 மீட்டர் ஓடும். 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 11.4 சுற்று. என் டிஃபரென்ஷியல் விகிதம் 3.9. அப்போ ஷாஃப்ட் நொடிக்கு 44 சுற்று. எஞ்சின் 2000 ஆர்.பி.எம்., நாலு சிலிண்டர், அதனால் அதோட முக்கிய அதிர்வு 67 ஹெர்ட்ஸ் பக்கம் வரணும். என் கிராஃபில் ஊசி மாதிரி ஒரே ஒரு உச்சி. எங்கே? 11-ஐ ஒட்டி. டயரேதான்! "அண்ணா, டேட்டா டயர்னு சொல்லுது"ன்னு சொன்னேன். அவர் கிராஃபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி தம்பி, உங்கட விருப்பம்" என்றார்.

அதுக்கப்புறம் வேறொரு கடையில் வீல் பேலன்சிங் ரெண்டு தடவை. மாற்றமில்லை. அங்கே இருந்த சின்னப் பையன்கிட்ட "மிஷின் சரியா இருக்கா?"ன்னு வேற கேட்டேன். அப்புறம் ரெண்டு புது டயர். எல்லாம் சேர்த்து 900 டாலருக்கு மேல் போச்சு. நடுக்கம் அப்படியே.

வேலையில் யாராவது இப்படி ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பார்த்தா நான் சும்மா விடமாட்டேன். "ஒரே வேகத்தில் ஒரே அளவீட்டை வெச்சு எப்படி முடிவு பண்ணே?"ன்னு கேட்பேன். அதை என்னையே நான் கேட்க மூணு வாரம் ஆச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹியூம் நெடுஞ்சாலையில் 90, 100, 105 என்று மூணு வேகத்தில் பதிவு பண்ணேன். டயர்னா வேகம் கூடக் கூட உச்சியும் மேலே போகணும்: 10.2, 11.4, 12. எனக்கு வந்தது 20, 11, 7. வேகம் கூடுது, அதிர்வெண் குறையுது! அப்படிக் குறைகிற எதுவும் வண்டியில் கிடையாது.

பழைய படங்களில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுத்துற மாதிரி தெரியுமே, அதேதான் இது. ஆப் நொடிக்கு 100 தடவைதான் படிக்குது. 50 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற எதையும் அதால் சரியாகக் காட்ட முடியாது. மேலே இருக்கிறது மடங்கி, கீழே வேற வேஷத்தில் வந்து நிற்கும். 89 ஹெர்ட்ஸ் அதிர்வு 100-லிருந்து கழிந்து 11 ஆகத் தெரியும். அந்த 89 எது? ஷாஃப்ட் சுழற்சி 44.4, அதோட ரெண்டு மடங்கு. டயரோட எண்ணுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது 100 கி.மீ. வேகத்தில் நடந்த தற்செயல். காலேஜில் டி.எஸ்.பி. பேப்பரில் ஏலியாசிங் பற்றி 16 மார்க் கேள்வி எழுதினவன் நான்.

மனைவியோட பழைய ஆண்ட்ராய்டில் 200-க்கு வைத்து மறுபடி எடுத்தேன். 11-ல ஒண்ணுமில்லை. 89-ல மலை மாதிரி.

அந்த ரெண்டு மடங்குதான் இதில் முக்கியமான விஷயம். ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ, பேலன்ஸ் போயிருந்தாலோ ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அதிரும். யு.ஜே. கிராஸ் கோணத்தில் வேலை செய்யும்போது, உள்ளே ஒரே சீராகச் சுற்றினாலும் வெளியே ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். அதனால்தான் ஷாஃப்ட்டின் ரெண்டு முனையிலும் கிராஸ் வைத்து, ரெண்டு கோணமும் சமமாக இருக்கிற மாதிரி அமைக்கிறாங்க. ஒண்ணு கெடுக்கிறதை இன்னொண்ணு சரி பண்ணிடும். லிஃப்ட் போட்டதும் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும். 1.2 மீட்டர் ஷாஃப்ட்டுக்கு 50 மில்லிமீட்டர்னா சுமார் 2.4 டிகிரி. அதுகூடப் பரவாயில்லை. ஆனா ஆக்சிலைப் பிடிச்சிருக்கிற ஆர்ம்களின் நீளம் மாறலை, அதனால் ஆக்சில் கீழே இறங்கும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும். பினியன் முகம் வேற பக்கம் பார்க்கும். ரெண்டு கோணமும் பொருந்தாது. பாதிப்பு ஏறக்குறைய கோணத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது கோணம் இரட்டிச்சா நாலு மடங்கு. (ஒரு முனையில் ரெட்டை கிராஸ் இருக்கிற ஷாஃப்ட்டுக்குக் கணக்கே வேற. அங்கே பினியன் ஷாஃப்ட்டை நேராகப் பார்க்கணும். உங்க வண்டியில் எதுன்னு முதலில் குனிஞ்சு பாருங்க.)

அண்ணைகிட்ட திரும்பிப் போனேன். வாயைத் திறந்து "நீங்க சொன்னதுதான் சரி"ன்னு சொல்ல கொஞ்சம் நேரம் எடுத்தது. அவர் அதைப் பெரிசா எடுத்துக்கலை. முதலில் முன் ஷாஃப்ட்டைக் கழட்டி ஓரமா வைத்தார், சென்டர் டிஃப் லாக் போட்டு ஓட்டினார். நடுக்கம் அப்படியே இருந்தது. முன் பக்கம் முழுசும் லிஸ்டிலிருந்து காலி. நாம கிட் பைசெக்ட்னு பெரிய பேர் வைத்துப் பண்றதை ஸ்பேனரில் இருபது நிமிஷத்தில் முடிச்சார். அப்புறம் காந்தம் வைத்த சின்ன கோணமானியை டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் ஒட்டிப் பார்த்தார். ரெண்டும் இணையாக இருக்கணும். கிட்டத்தட்ட 3 டிகிரி வித்தியாசம். நீளம் மாத்தக்கூடிய மேல் ஆர்ம் ரெண்டு வாங்கிப் போட்டு, அரை டிகிரிக்குள் கொண்டு வந்தார். நடுக்கம் போச்சு.

என் வாதம் இதுதான். லிஃப்ட் போடுற கடைகள், போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இந்த ரெண்டு கோணத்தையும் எழுதி பில்லோட கொடுக்கணும். வீல் அலைன்மென்டுக்குப் பிரிண்ட் தர்றாங்க இல்ல? இதுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும். எனக்குப் போட்டவங்க அளக்கவே இல்லை, நானும் கேட்கலை. நம்ம பக்கம் சொல்ல வேண்டியது: ஒரு கிராஃபை யார் முகத்துக்கு நேரா நீட்டுறதுக்கு முன்னாடியும், அது எதைப் பார்க்கவே முடியாதுன்னு கண்டுபிடிங்க. அண்ணையோட உள்ளங்கைக்கு 11-க்கும் 89-க்கும் வித்தியாசம் தெரிஞ்சது. என் ஃபோனுக்குத் தெரியலை. நான் நம்பினது ஃபோனை.

ஸ்டாண்டப்பில் யாராவது டாஷ்போர்டைக் காட்டி ஜூனியரை மடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த "உங்கட விருப்பம்" ஞாபகம் வருது. போன மாசம் ஒரு கிளையன்ட் கால்ல, ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் படிக்கிற சி.பி.யு. கிராஃபை வைத்து "ஸ்பைக்கே இல்லையே"ன்னு ஒருத்தர் அடிச்சுப் பேசினார். நான் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன், மேனேஜர் மியூட் பண்ணிட்டார்.

இப்போ 100-ல வண்டி அமைதியா போகுது. பொண்ணு "ஆஆஆ" சொல்லிப் பார்த்துட்டு ஏமாந்து போறா. ஆனா நின்ன இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு சின்ன முணுமுணுப்பு இருக்கு. எஞ்சின் மவுண்ட்னு அண்ணை சொல்றார். அடுத்த சனிக்கிழமை வண்டியை விடறதாச் சொல்லிட்டேன். ஃபோனை வீட்டிலேயே வைத்துட்டுப் போறேன்.